ஐசோஃபிக்ஸா, சீட் பெல்ட்டா? குழந்தையின் கார் இருக்கையை எதில் பிணைப்பது

குழந்தைக்கான கார் இருக்கையைத் தேடத் தொடங்கும்போது முதலில் கண்ணில் படுவது மெத்தையும் நிறமும் எத்தனை நிலைகளில் சாய்க்கலாம் என்பதும்தான். அந்த இருக்கையைக் காருடன் எதைக் கொண்டு பிணைக்கிறோம் என்பது பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். எங்கள் மகளுக்கு இருக்கை தேர்ந்தெடுத்தபோது நானும் என் மனைவியும் அந்தச் சிறிய எழுத்திலிருந்துதான் தொடங்கினோம். காரில் ஏற்கெனவே இருக்கும் சீட் பெல்ட்டால் கட்டும் வகை, காரின் பின்னிருக்கையில் பொருத்தப்பட்டிருக்கும் ஐசோஃபிக்ஸ் கம்பிகளில் பூட்டும் வகை என இரண்டு வாய்ப்புகள் எங்கள் முன் இருந்தன. எங்கள் காருக்கு ஐசோஃபிக்ஸ் இருக்கையை வாங்கினோம். மாமனாரின் பழைய காரில் அந்தக் கம்பிகள் இல்லாததால், அங்கே பெல்ட்டால் கட்டும் இருக்கை ஒன்றைப் பயன்படுத்துகிறோம். இரண்டோடும் பழகிய பிறகும் என் சாய்வு ஐசோஃபிக்ஸ் பக்கமே இருக்கிறது. அதன் காரணத்தைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன்.

இருக்கை தேவையா என்ற கேள்வியை ஒரு கணக்கோடு முடித்துக்கொள்ளலாம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் மோதி, விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், 10 கிலோ எடையுள்ள குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ 140 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு விசை வேண்டும். மடியில் வைத்து அணைத்திருக்கும் எந்தக் கையாலும் அது முடியாது.

பெல்ட் முறையில், காரின் பெல்ட்டை இருக்கையின் உடலில் அதற்கென விடப்பட்டிருக்கும் வழியில் நுழைத்து, மறுபக்கம் இழுத்து, பக்கிளில் மாட்டி இறுக்குகிறோம். ஐசோஃபிக்ஸ் முறையில் பெல்ட்டுக்கு வேலையே இல்லை. காரின் பின்னிருக்கையில், முதுகுப் பகுதியும் அமரும் பகுதியும் சேரும் மடிப்புக்குள், 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கம்பிகள் காரின் உடற்கூட்டோடு பிணைக்கப்பட்டிருக்கும். அவற்றின் மையங்களுக்கு இடையே 280 மில்லிமீட்டர் இடைவெளி. இருக்கையின் அடியிலிருந்து நீளும் இரண்டு கைகள் அந்தக் கம்பிகளைக் கவ்விக்கொள்ளும். ஐஎஸ்ஓ 13216 என்ற பன்னாட்டுத் தரநிலை 1999இல் வெளியானதிலிருந்து இந்த அளவுகள் மாறவில்லை என்பதால், ஒரு நிறுவனத்தின் இருக்கை வேறொரு நிறுவனத்தின் காரில் பொருந்துவதற்கு வழி பிறந்தது. வட அமெரிக்காவில் லாட்ச் என்று அழைக்கப்படுவதும் இதே எண்ணத்தில் அமைந்ததுதான்.

ஐசோஃபிக்ஸ் என்றால் பாதுகாப்பு, பெல்ட் என்றால் ஆபத்து என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கையேடு சொன்னபடி பெல்ட்டால் கட்டிய இருக்கையும் மோதல் சோதனையில் தேறித்தான் விற்பனைக்கு வருகிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சோதனைக் கூடத்தில் தெரிவதில்லை. அவசரமாகக் கிளம்பும் காலையில், குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது, அந்த இருக்கையை யார் எப்படிப் பொருத்துகிறார்கள் என்பதில்தான் தெரிகிறது. என் தேர்வைத் தீர்மானித்தது இதுதான்: பொருத்துவதில் பிழை நேர்ந்தால் அது கண்ணுக்குத் தெரியுமா, தெரியாதா?

பெல்ட் முறையில் பிழை நுழையக்கூடிய இடங்களைப் பாருங்கள். குழந்தையின் முகம் காரின் பின்பக்கம் பார்க்கும்படியோ (பின்நோக்கி) முன்பக்கம் பார்க்கும்படியோ (முன்நோக்கி) வைக்கக்கூடிய இருக்கையில் பெல்ட்டுக்கு இரண்டு வழிகள் இருக்கும். ஐரோப்பிய விதிகளின்படி வரும் இருக்கைகளில் பின்நோக்கி வைப்பதற்கான வழி நீல நிறத்திலும் முன்நோக்கி வைப்பதற்கான வழி சிவப்பு நிறத்திலும் குறிக்கப்பட்டிருக்கும். தவறான வழியில் நுழைத்தாலும் பெல்ட் மாட்டிக்கொள்ளும். இருக்கையும் நிற்பது போலவே நிற்கும். அடுத்தது பெல்ட்டைப் பூட்டுவது. சாதாரண கார் பெல்ட் திடீரென வெட்டி இழுக்கப்படும்போதுதான் பிடிக்கும். மற்ற நேரத்தில் தாராளமாக நீளும், சுருளும். பெரியவர்களுக்கு அது வசதி. இருக்கையைக் கட்டுவதற்கு அது போதாது. சில கார்களில் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துவிட்டுத் திரும்ப விட்டால், மெல்லிய சொடுக்கொலியோடு அது உள்ளே மட்டும் போகும் நிலைக்கு மாறும். அந்த வசதி இல்லாத கார்களில், இருக்கையிலேயே உள்ள பூட்டில் பெல்ட்டை நெருக்கி மாட்ட வேண்டும். பிறகு இறுக்குவது: முழங்காலை இருக்கைக்குள் ஊன்றி, உடல் எடையை அதன்மேல் சாய்த்து, பெல்ட்டின் தளர்வைச் சிறிது சிறிதாக இழுத்து எடுக்க வேண்டும். சில கார்களில் பக்கிளின் தண்டு நீளமாக இருந்து, பக்கிள் சரியாக இருக்கைச் சட்டத்தின் விளிம்பில் வந்து மடங்கி நிற்கும். அப்படிப்பட்ட இடத்தில் எவ்வளவு இழுத்தாலும் பிடி நம்பகமாக இராது. வேறு இடத்துக்கு மாற்றுவதே வழி.

இவ்வளவையும் சரியாகச் செய்த பிறகு, பெல்ட் செல்லும் வழியின் அருகில் இருக்கையைக் கையால் பிடித்துப் பக்கவாட்டிலும் முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக் கூடாது. தலைப்பக்கத்தைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பதில் பயனில்லை. பின்நோக்கிய இருக்கையின் தலைப்பக்கம் ஓரளவு ஆடுவது இயல்பு. ஆனால் இந்தச் சோதனையை நாமாகத்தான் நினைவு வைத்துச் செய்ய வேண்டும். சில நாள்களில் காரின் மெத்தை அமுங்கிப் பெல்ட் தளர்ந்திருந்தால், பார்வைக்கு எல்லாம் முன்போலவே இருக்கும். மாமனாரின் காரில் ஒவ்வொரு முறை ஏறும்போதும் நான் முதலில் செய்வது அந்த அசைத்துப் பார்க்கும் வேலைதான்.

ஐசோஃபிக்ஸில் இரண்டு கைகளும் கம்பியைக் கவ்வும்போது தனித்தனியே ‘கிளிக்’ என்ற ஒலி கேட்கும். எங்கள் இருக்கையில் ஒவ்வொரு கையிலும் ஒரு சிறு சாளரம் உண்டு; பூட்டிக்கொண்டால் அதன் சிவப்பு பச்சையாக மாறும். ஒரு பக்கம் மட்டும் பூட்டி மறுபக்கம் நழுவியிருந்தால், அந்தப் பக்கம் சிவப்பாகவே நிற்கும். இருக்கையை வழக்கமாகப் பொருத்தாத என் மனைவியின் தம்பிகூட, கதவருகே நின்று ஒரு பார்வையில் சரி, தவறு என்று சொல்லிவிட முடிகிறது. பெல்ட் முறையில் ஒரு பிழை மறைந்திருக்கக்கூடிய இடங்கள் பல. இங்கே அவை மிகச் சில. பலர் மாறி மாறிக் குழந்தையை அழைத்துச் செல்லும் வீட்டில் இந்த ஒரு வேறுபாட்டுக்கு நான் கொடுக்கும் மதிப்பு, மற்ற எல்லா வசதிகளையும் சேர்த்தாலும் அவற்றைவிட அதிகம்.

ஆனால் அந்தச் சில இடங்களை அலட்சியப்படுத்தக் கூடாது. கீழே இரண்டு புள்ளிகளில் மட்டும் பிடிக்கப்பட்ட இருக்கை, முன்பக்க மோதலில் அந்தக் கம்பிகளையே அச்சாகக் கொண்டு முன்னோக்கிக் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க மூன்றாவது பிடி வேண்டும். ஒன்று, இருக்கையின் முன்விளிம்பிலிருந்து காரின் தரை வரை இறங்கும் தாங்கு கால். மற்றது, இருக்கையின் மேற்பகுதியிலிருந்து காரின் பின்புறக் கொக்கிக்குச் செல்லும் மேல் வார், அதாவது டாப் டெதர். தாங்கு கால் தரையில் உறுதியாகப் பதிய வேண்டும். அந்தரத்திலும் நிற்கக் கூடாது, இருக்கையைத் தூக்கியும் நிற்கக் கூடாது. சில கார்களில் பின்னிருக்கைக்கு முன்னுள்ள தரையில் மூடியுடன் கூடிய பெட்டி இருக்கும். உள்ளே வெற்றிடமாக உள்ள அந்த மூடியின் மேல் காலை ஊன்றினால், மோதலின்போது மூடி உடைந்து கால் உள்ளே இறங்கிவிடலாம். அந்த இடத்தில் தாங்கு கால் கூடுமா, பெட்டியை எதையாவது கொண்டு நிரப்ப வேண்டுமா என்பதைக் காரின் கையேட்டில் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். டாப் டெதர் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது வேறு: டிக்கியில் பெட்டிகளைக் கட்டுவதற்கென்று உள்ள வளையங்கள் பார்வைக்கு டெதர் கொக்கி போலவே இருக்கும். நங்கூரக் குறி பொறித்திருக்கும் இடம்தான் சரியானது.

பெல்ட் முறை தெளிவாக வெல்லும் இடங்களும் உண்டு. முதலாவது எடை. குழந்தை இருக்கைகளுக்கான ஐக்கிய நாடுகளின் ஆர்129 விதிப்படி, ஐசோஃபிக்ஸில் பூட்டி, இருக்கையிலேயே உள்ள ஹார்னஸ் வார்களால் குழந்தையைக் கட்டும் இருக்கையும் குழந்தையும் சேர்ந்து 33 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. அமெரிக்காவில் கீழ்க்கம்பிகளுக்கான வரம்பு 65 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 29.5 கிலோ. இருக்கையே 14 கிலோ இருந்தால் குழந்தைக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை வாங்கும் முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது, பின்னிருக்கையின் நடுவிடம். பக்கவாட்டு மோதலிலிருந்து அதிகத் தொலைவில் இருப்பது அதுதான் என்றாலும், பெரும்பாலான கார்களில் அங்கே ஐசோஃபிக்ஸ் கம்பிகள் இருப்பதில்லை. மூன்றாவது, கார் மாறிக்கொண்டே இருக்கும் குடும்பம். வாடகைக் கார், உறவினர் கார், பழைய கார் என எதிலும் பெல்ட் இருக்கும். இந்த நிலையில் இருப்பவர்களுக்கு நான் பெல்ட் இருக்கையையே சொல்வேன். பெல்ட்டைப் பூட்டும் அமைப்பு இருக்கையிலேயே உள்ளதாகப் பார்த்து வாங்கச் சொல்வேன். இரண்டு மடங்கு உறுதி கிடைக்கும் என்று நினைத்து ஐசோஃபிக்ஸையும் பெல்ட்டையும் சேர்த்துப் பூட்டுவது மட்டும் வேண்டாம். கையேடு வெளிப்படையாக அனுமதித்தால் தவிர, அப்படி அந்த இருக்கை சோதிக்கப்பட்டிருக்காது.

எதில் பிணைத்தாலும், எந்தத் திசையில் வைக்கிறோம் என்பது அதைவிடப் பெரியது. கைக்குழந்தையின் தலை உடல் நீளத்தில் ஏறத்தாழ கால்பங்கு. அதைத் தாங்கும் கழுத்தெலும்புகள் இன்னும் முழுமையாக இறுகாதவை. குழந்தை முன்நோக்கி அமர்ந்திருந்தால், மோதலில் உடலை வார் பிடித்துக்கொள்ள, தலை மட்டும் முன்னால் பாயும். பின்நோக்கி அமர்ந்திருந்தால் முதுகு, கழுத்து, தலை மூன்றையும் இருக்கை ஒன்றாக ஏந்திக்கொள்ளும். விண்வெளி வீரர்களின் இருக்கையிலிருந்து இந்த எண்ணத்தைப் பெற்ற ஸ்வீடன் ஆராய்ச்சியாளர் பெர்டில் ஆல்ட்மன், 1964இல் பின்நோக்கிய இருக்கையின் முன்மாதிரியை உருவாக்கினார். இன்றைய ஆர்129 விதி 15 மாதம் தாண்டும்வரை பின்நோக்கியே வைக்கச் சொல்கிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2018இல் வயது எல்லையையே எடுத்துவிட்டு, இருக்கையின் உயர, எடை வரம்பு இடம்கொடுக்கும்வரை பின்நோக்கி வைக்கும்படி பரிந்துரைத்தது. கால் மடங்கியிருக்கிறதே என்று பெரியவர்கள் கவலைப்படுவார்கள். குழந்தை சம்மணமிட்டோ காலைத் தூக்கிவைத்தோ வசதியாகவே இருக்கும். பின்நோக்கிய இருக்கையை, ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது; விரியும் பை, குழந்தையின் தலைக்குப் பின்னுள்ள இருக்கை முதுகில் நேரடியாக அறையும்.

ஐசோஃபிக்ஸின் பச்சை நிறம் குழந்தையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். அது இருக்கைக்கும் காருக்கும் உள்ள பிணைப்பு மட்டுமே. குழந்தைக்கும் இருக்கைக்கும் உள்ள பிணைப்பு ஹார்னஸ் வார்களில் இருக்கிறது. பின்நோக்கி வைக்கும்போது வார்கள் தோள் மட்டத்திலோ அதற்குச் சற்றுக் கீழோ இருக்கையிலிருந்து வெளிவர வேண்டும். முன்நோக்கி வைக்கும்போது தோள் மட்டத்திலோ சற்று மேலோ வர வேண்டும். இறுக்கிய பின் காறை எலும்பின் அருகே வாரை இரு விரல்களால் கிள்ளிப் பார்க்கலாம். மடிப்பு கையில் பிடிபட்டால் தளர்வு இருக்கிறது என்று பொருள். பஞ்சடைத்த தடித்த மேலாடையோடு கட்டினால், மோதலில் பஞ்சு அமுங்கி அந்த இடைவெளி முழுவதும் தளர்வாகிவிடும். ஆடையைக் கழற்றிவிட்டுக் கட்டிய பிறகு மேலே போர்த்தலாம்.

பூஸ்டர், அதாவது காரின் பெல்ட் சரியாகப் படியும்படி வளர்ந்த குழந்தையைச் சற்று உயர்த்தி அமர்த்தும் இருக்கை, தேவைப்படும் பருவத்தைப் பற்றி எனக்கு நேரடி அனுபவம் குறைவு. மகள் இன்னும் அந்த உயரத்தை எட்டவில்லை. பூஸ்டரில் குழந்தையைத் தாங்குவது காரின் பெல்ட்டே என்பதால், இடுப்பும் தோளும் சேர்ந்த மூன்று புள்ளிப் பெல்ட் கட்டாயம். இடுப்புப் பட்டை வயிற்றின் மேல் ஏறாமல் இடுப்பெலும்பில் படிய வேண்டும். அங்கே ஐசோஃபிக்ஸின் முதன்மையான பயன், குழந்தை இல்லாத நேரத்தில் வெறும் பூஸ்டர் காருக்குள் பறக்காமல் பிடித்துவைப்பதே. எனவே அந்தப் பருவத்தில் என் சாய்வு இவ்வளவு அழுத்தமாக இராது.

வாங்கும் முன் இருக்கையை உங்கள் காரிலேயே வைத்துப் பார்க்கக் கேளுங்கள். பின்னிருக்கை மடிப்புக்குள் கம்பி கைக்கு எட்டுகிறதா, தாங்கு கால் எங்கே இறங்குகிறது, பின்நோக்கி வைத்தால் முன்னிருக்கையில் பெரியவர் அமர இடம் இருக்கிறதா என்பதெல்லாம் அந்தச் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். இருக்கை நிறுவனங்கள் பொருந்தும் கார்களின் பட்டியலையும் வெளியிடுகின்றன. அதில் உங்கள் காரின் மாடலோடு தயாரித்த ஆண்டும் பொருந்துகிறதா என்று பாருங்கள், ஏனெனில் ஒரே பெயரில் வரும் காரில்கூடத் தரைப்பெட்டியும் டெதர் கொக்கியும் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும்.