மைலேஜுக்கு எந்த கேம் ஷாஃப்ட்? பழைய செவ்ரோலே 350 பிக்கப்புக்கான ஒப்பீடு

1980களில் வந்த செவ்ரோலே பிக்கப்புகளின் 350 கன அங்குல வி8 எஞ்சினில், அதாவது 5.7 லிட்டர் எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டின் ஒரு லோப் (வால்வைத் தள்ளும் புடைப்பு) தேய்ந்துவிட்டால் மற்றவை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மாற்றியே ஆக வேண்டும். கேமின் விலை பெரிதல்ல, வேலைதான் பெரிது. ரேடியேட்டர், வாட்டர் பம்ப், முன்மூடி, இன்டேக் மேனிஃபோல்டு எல்லாவற்றையும் கழற்றிய பிறகு இன்னொரு முறை மனம் மாற யாருக்கும் தெம்பிருக்காது என்பதால், எதைப் போடுவது என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். என்னுடைய 1984 கே10 வண்டிக்கு காம்ப் கேம்ஸ் நிறுவனத்தின் 252எச் வகையைத் தேர்ந்தெடுத்தேன். ஆகவே இந்த ஒப்பீடு அதன் பக்கம் சாய்ந்திருப்பதை மறைக்கப் போவதில்லை.

போட்டியில் இருப்பவை நான்கு. முதலாவது, பல ஆண்டுகள் இந்த எஞ்சினோடு தொழிற்சாலையிலிருந்தே வந்த, பாக எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களால் ‘929’ என்று அழைக்கப்படும் கேமின் நகல். இரண்டாவது, நான் எடுத்த 252எச். மூன்றாவது, அதே நிறுவனத்தின் 268எச். எந்த உதிரிபாகக் கடையில் கேட்டாலும் முதலில் பரிந்துரைக்கப்படுவது இதுதான். நான்காவது, லோபின் மேல் உராய்ந்தபடி உயரும் தட்டை லிஃப்டர்களையே விட்டுவிட்டு, உருளை பொருத்திய லிஃப்டர்கள் கொண்ட ரோலர் கேமுக்கு மாறுவது. எடல்பிராக்கின் பெர்ஃபார்மர் கேமும் நல்லதே. 0.050 அங்குல லிஃப்டில் (லிஃப்டர் அவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து அளந்தால்) அதன் இன்டேக் டியூரேஷன், அதாவது இன்டேக் வால்வு திறந்திருக்கும் கிராங்க் சுழற்சி, 204 டிகிரி; எக்ஸாஸ்ட் 214 டிகிரி. குணத்தில் 252எச்சுக்கு அது மிக நெருக்கம் என்பதால் அதைத் தனியாக எடுத்துக்கொள்ளவில்லை.

எரிபொருள் சிக்கனம் என்று வரும்போது லிஃப்ட், குதிரைத்திறன், விளம்பர அட்டையில் உள்ள ஆர்பிஎம் எல்லை ஆகியவற்றை விட முக்கியமானது ஒன்று உண்டு: இன்டேக் வால்வு எப்போது மூடுகிறது என்பது. பிஸ்டன் கீழ்முனையைத் தொட்டு மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு சற்று நேரம் திறந்தே இருக்கிறது. வேகமான சுற்றில் கலவை தன் உந்துவிசையால் தொடர்ந்து உள்ளே வரும் என்பதற்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. ஆனால் மைலேஜை எண்ணி ஓட்டும் பிக்கப் வேகமான சுற்றில் ஓடுவதில்லை. என் வண்டியில் 0.70 ஓவர்டிரைவ் உள்ள 700ஆர்4 கியர்பாக்ஸும், 3.73 பின் அச்சு விகிதமும், 235/75ஆர்15 டயர்களும் இருக்கின்றன. மணிக்கு 65 மைல் வேகத்தில் எஞ்சின் 2,000 சுற்றுக்குச் சற்றுக் கீழேதான் சுழலும். அந்தச் சுற்றில் வால்வு தாமதமாக மூடினால், உள்ளே வந்த கலவையின் ஒரு பகுதியைப் பிஸ்டன் திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளிவிடும்.

இதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். கிராங்க் ஸ்ட்ரோக் 3.48 அங்குலம், கனெக்டிங் ராடு 5.7 அங்குலம். 252எச்சை அதன் அட்டை சொல்லும் 106 டிகிரி இன்டேக் மையக்கோட்டில் (பிஸ்டன் மேல்முனையைக் கடந்து 106 டிகிரியில் இன்டேக் வால்வு உச்சத் திறப்பை எட்டும்படி) பொருத்தினால், இன்டேக் வால்வு கீழ்முனைக்கு 52 டிகிரி பின்னால் மூடுகிறது. அப்போது பிஸ்டனுக்கு முழு ஸ்ட்ரோக்கில் ஏறக்குறைய 86 சதவீதம் மிச்சம் இருக்கிறது. 268எச்சில் மூடும் புள்ளி 60 டிகிரி, மிச்சம் 81 சதவீதம். அந்தக் காலத்து டிரக் எஞ்சினின் 8.2:1 கம்ப்ரஷனை இதோடு சேர்த்துப் பார்த்தால், உண்மையில் கலவை காணும் அழுத்த விகிதம் முதலாவதில் 7.2-ஐ ஒட்டியும் இரண்டாவதில் 6.8-ஐ ஒட்டியும் நிற்கிறது. ஏற்கெனவே குறைவான கம்ப்ரஷனோடு பிறந்த எஞ்சினுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. கலவையிலிருந்து உறிஞ்சும் வேலை குறையக் குறைய, அதே வேகத்தைப் பிடிக்க மிதியை இன்னும் கொஞ்சம் அழுத்த நேரும்.

இங்கே விவரம் அறிந்தவர்கள் ஒரு தடையை எழுப்புவார்கள்: டொயோட்டா பிரையஸ் 1997-இல் வந்ததிலிருந்து இன்டேக் வால்வைத் தாமதமாக மூடித்தானே மைலேஜை எட்டுகிறது? உண்மைதான். ஆனால் அந்த எஞ்சின்களின் வடிவியல் கம்ப்ரஷன் 13:1 அளவில் இருக்கிறது. தாமதத்தால் இழந்ததை அது ஈடுசெய்கிறது. மேலும் ஏற்றத்தில் அவற்றுக்குக் கைகொடுக்க மின்மோட்டார் உண்டு. 8.2:1 எஞ்சினை அதே வழியில் கொண்டுபோனால் இழப்பு மட்டுமே மிஞ்சும். ஹெட்டையும் பிஸ்டனையும் மாற்றி கம்ப்ரஷனை உயர்த்துபவர்களுக்கு 268எச்சும் அதற்கு மேற்பட்டவையும் பொருந்தலாம். ஒரு கேமை மட்டும் மாற்றுபவர்களுக்கு அது வழியல்ல.

268எச்சுக்கு எதிரான மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அதன் ஓவர்லேப் (இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும் அளவு) 252எச்சைவிட 16 டிகிரி அதிகம் என்பதால் ஐட்லில் மேனிஃபோல்டு வேக்குவம் குறையும், அதை நம்பியிருக்கும் பிரேக் பூஸ்டரும் சற்றுக் கடினப்படும், 0.454 அங்குல லிஃப்ட் பழைய வால்வு ஸ்பிரிங்குகளின் எல்லையையும் நெருங்குகிறது. 1987 முதல் 1995 வரையிலான டிபிஐ (த்ராட்டில் பாடி இன்ஜெக்ஷன்) எரிபொருள் ஊட்டல் கொண்ட டிரக்குகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே கணினி மேனிஃபோல்டு அழுத்தத்தை வைத்தே எரிபொருளை அளப்பதால், வேக்குவம் குறைந்ததைச் சுமை கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு கலவையைச் செறிவாக்கும். சிப்பைத் திருத்தி எழுதாமல் அந்த டிரக்குகளில் பெரிய கேமைப் போடுவது மைலேஜுக்கு நேர் எதிர். ஒலிக்காகவே அதை வாங்குபவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு வழக்கில்லை.

உண்மையான போட்டி 929-இன் நகலோடுதான். 0.050 அங்குல லிஃப்டில் அதன் இன்டேக் டியூரேஷன் 195 டிகிரி, 252எச்சுக்கு 206 டிகிரி. பதினொரு டிகிரி கூடுதல் என்றவுடன் மூடும் புள்ளியும் அவ்வளவு தள்ளிப்போகும் என்று தோன்றும். ஆனால் 929-ஐ 110 டிகிரி மையக்கோட்டில் பொருத்தினால் அந்த லிஃப்டில் அது கீழ்முனைக்கு 27.5 டிகிரி பின்னால் மூடுகிறது. 252எச்சோ 29 டிகிரியில் மூடுகிறது (முன்பு சொன்ன 52 டிகிரி, வால்வு ஏறத்தாழ முழுவதும் மூடும் இடம்). கூடுதல் டியூரேஷனில் ஏறத்தாழ முழுவதும் திறக்கும் பக்கத்திலேயே சேர்ந்துவிட்டது. மூடும் புள்ளியை ஒன்றரை டிகிரி மட்டும் விட்டுக்கொடுத்து, 0.390-க்குப் பதில் 0.425 அங்குல லிஃப்டும், ஏற்றத்தில் மூச்சுத் திணறாத எஞ்சினும் கிடைக்கின்றன. என் தேர்வைத் தீர்மானித்தது இந்தக் கணக்கே. அதே வேளையில், சமவெளியில் காலியாக மட்டுமே ஓடும் வண்டிக்கு 929-இன் நகல் குறை வைக்காது என்பதையும் சொல்ல வேண்டும்.

ரோலர் கேமைப் பற்றி என் கை அனுபவம் குறைவு. நண்பரின் வண்டி ஒன்றில் துணைக்கு நின்றதோடு சரி. உராய்வு குறையும், அதே டியூரேஷனில் வால்வை வேகமாகத் திறக்க முடியும் என்பவை அதன் நியாயமான பெருமைகள். 1996 முதல் வந்த வோர்டெக் 350 டிரக் எஞ்சின்களில் தொழிற்சாலையே ரோலரைப் போட்டது. ஆனால் அதற்கு முந்தைய தட்டை லிஃப்டர் பிளாக்கில் இணைப்புப் பட்டை கொண்ட லிஃப்டர்கள், கேம் முன்னோக்கி நகராமல் தடுக்கும் பொத்தான், நீளம் மாறிய புஷ்ராடுகள் (லிஃப்டரின் அசைவை வால்வின் பக்கம் கடத்தும் கம்பிகள்) என்று செலவு அடுக்கடுக்காக ஏறும். மிச்சமாகும் பெட்ரோலில் அதை மீட்க நெடுங்காலம் ஆகும்.

ரோலர் மெய்யாகவே வெல்லும் இடம் பராமரிப்பு. தட்டை லிஃப்டர் லோபின் மேல் அழுந்தித் தேய்ந்துகொண்டே சுழல்வது. அதைக் காப்பது எண்ணெயில் உள்ள துத்தநாக-பாஸ்பரஸ் சேர்க்கை. 2004-இல் வந்த ஏபிஐ எஸ்எம் தரம் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-30 போன்ற எண்ணெய்களில் பாஸ்பரஸை 0.08 சதவீதத்துக்குள் அடக்கிவிட்டது. ஆகவே தட்டை லிஃப்டர் போடுபவர் அதற்கென விற்கும் எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும். புதிய கேமோடு புதிய லிஃப்டர்கள் கட்டாயம். முதல் முறை ஸ்டார்ட் செய்ததும் ஐட்லில் விடாமல் 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடங்களாவது ஓட்ட வேண்டும். அது முடிந்தபின் நான் ஒரு பக்க வால்வு மூடியைக் கழற்றி, புஷ்ராடுகளில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். கோடு ஒவ்வொன்றும் மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. கோடு அசையாமல் நிற்கும் புஷ்ராடின் கீழே லிஃப்டர் சுழலவில்லை, அந்த லோபுக்கு ஆயுள் இல்லை என்று கொள்ளலாம்.

நெடுஞ்சாலையில் ஒரு காலனுக்கு 13 மைல் கொடுத்த வண்டி இப்போது 15-ஐ ஒட்டிக் கொடுக்கிறது. அது முழுவதையும் கேமின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை. தளர்ந்த பழைய டைமிங் செயின் கேமைத் தாமதப்படுத்தி, மேலே சொன்ன மூடும் புள்ளியையும் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அதையும் இரட்டை ரோலர் செயினாக மாற்றினேன், இக்னிஷன் டைமிங்கையும் புதிதாக வைத்தேன். 929-இன் நகலைப் போட்டு இதே வேலைகளைச் செய்திருந்தாலும் இதில் பாதியாவது வந்திருக்கும் என்பது என் ஊகம். செயின் வாங்கும்போது கிராங்க் பல்சக்கரத்தில் பூஜ்யம், நான்கு டிகிரி முன், நான்கு டிகிரி பின் என மூன்று சாவித்தடங்கள் உள்ள செட்டாகப் பார்த்து வாங்குவது நல்லது. 252எச்சில் நான்கு டிகிரி முன்னேற்றம் அரைக்கும்போதே சேர்க்கப்பட்டிருப்பதால் பூஜ்யத் தடத்தையே பயன்படுத்த வேண்டும்; டிகிரி சக்கரம் வைத்து மையக்கோடு 106-இல்தான் விழுகிறதா என்று சரிபார்த்த பிறகே முன்மூடியைப் பூட்டலாம்.