வாரிசுச் சான்றில் அப்பத்தாள் விட்டுப்போனால்

அப்பா விட்டுப்போன தோட்டத்தை வாரிசுகள் பெயருக்கு மாற்ற வேண்டும், அதற்கு வாரிசுச் சான்று வேண்டும். வில்லங்கம் சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே பார்த்தாயிற்று. சிட்டா கைப்பேசியிலேயே வந்தது. அதைப் பற்றியெல்லாம் எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது ஒரே ஒரு வரி: தாயார் விவரம் இல்லை, விண்ணப்பம் திருப்பப்படுகிறது. மூன்று வார லீவில் பன்னிரண்டு நாள் கரைந்த பிறகு வந்த வரி அது.

நடைமுறை எல்லோருக்கும் தெரிந்ததுதான். இ-சேவையில் 60 ரூபாய் கட்டி வாரிசுச் சான்றுக்குப் போட்டால், மணியகாரர் விசாரிப்பார் (வி.ஏ.ஓ. என்று கொங்கில் இன்னும் யார் சொல்கிறார்கள்?), பிறகு ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), கடைசியில் தாசில்தார். கவுண்டரில் இருந்த பையன் ரேஷன் கார்டை வாங்கினான். அதில் இறந்தவரின் மனைவி, மகன், மகள் மூன்று பேர். மூன்று பேரை அடித்தான், ரசீது கொடுத்தான். பத்து நிமிடம். ‘ஊர் எவ்வளவு மாறிவிட்டது!’ என்று வியக்கத் தோன்றியது. அந்த வியப்பின் ஆயுள் பன்னிரண்டு நாள்.

அப்பா தவறிய தேதியில் அப்பத்தாள், அதாவது அப்பாவின் அம்மா, உயிரோடு இருந்தார். பெரிய அத்தை வீட்டில் இருந்ததால் அவர் பெயர் அந்த வீட்டுக் கார்டில். எட்டு மாதம் கழித்து அவரும் போய்விட்டார். யாரும் எதையும் மறைக்கவில்லை. கார்டில் இல்லாதவர் கணக்கில் இல்லை, அவ்வளவுதான். ஆர்.ஐ. கேட்டது ஒரே கேள்வி: “அவிய அம்மா எப்பங்க தவறுனாங்க?” சரியான கேள்வி. அவர்மேல் குறையே இல்லை. அந்தக் கேள்வி முதல் நாளே கவுண்டரில் வராமல் பன்னிரண்டாம் நாள் வந்ததில்தான் எரிச்சல். அந்தக் காலத்தில் பத்திர ஆபீஸ் வாசலில் மரத்தடியில் உட்கார்ந்திருந்த எழுத்தர், பேப்பரை எடுக்கும் முன்பே “ஆத்தா இருக்குதுங்களா? அத்தைமார் எத்தனை பேருங்க?” என்று வம்சத்தையே கேட்டுவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். கம்ப்யூட்டர் வந்தது, வம்சம் கேட்பது போய்விட்டது.

சிங்கப்பூர்ப் பழக்கமும் ஒரு குழி. அங்கே உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், மனைவியும் பிள்ளைகளும் இருக்கும்போது பெற்றோருக்கு ஒன்றும் கிடையாது. பாதி மனைவிக்கு, பாதி பிள்ளைகளுக்கு. இங்கே 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் ஆணுடைய முதல் வகுப்பு வாரிசுகளில் மனைவி, மகன், மகளோடு தாயும் சரிசமம். தகப்பனாருக்கு அந்த வரிசையில் இடமில்லை, தாய்க்கு உண்டு. பார்க்க வேண்டியது ஒரே தேதிதான்: மகன் இறந்த அன்று தாய் இருந்தாரா? மறுநாளே தவறியிருந்தாலும் அவர் பங்கு உறுதியாகிவிட்டது. முன்பே தவறியிருந்தால் பங்கு இல்லை. ஆனால் அதைக் காட்ட அவருடைய இறப்புச் சான்று வேண்டும். காட்டு வீட்டில் நடந்த பல சாவுகள் பதிவே ஆகாமல் கிடக்கின்றன. ஒரு வருடம் தாண்டிவிட்டால் கோட்டாட்சியர் உத்தரவு வாங்கித்தான் பதிய முடியும்.

கணக்கைப் பாருங்கள். அப்பா சொந்தமாகக் கிரயம் வாங்கிய தோட்டம் மூன்று ஏக்கர். நாலு வாரிசு, ஆளுக்கு 75 சென்ட். அப்பத்தாளின் 75 சென்ட் அவரோடு மறையவில்லை. அவருடைய வாரிசுகளுக்கு இறங்கியது. இரண்டு அத்தைகளுக்கு 25, 25. முன்பே இறந்த மகனின், அதாவது அப்பாவின், கிளைக்கு 25. அது பேரன் பேத்திக்கு மட்டும், பன்னிரண்டரை வீதம். மருமகளுக்கு இந்த இறக்கத்தில் பங்கில்லை. ஆக அம்மாவுக்கு 75, மகன் மகளுக்கு 87½ வீதம், அத்தைமாருக்கு 25 வீதம். மூன்று பேர் சொத்து ஐந்து பேர் சொத்தாகிவிட்டது. அத்தைமாரை விட்டுவிட்டு விற்க முடியாது, பாகமும் பிரிக்க முடியாது.

“சீர் செஞ்சு அனுப்பியாச்சு, அதோட முடிஞ்சுது” என்பது நம் பக்கத்துப் பேச்சு. சீர் எத்தனை பவுனாக இருந்தாலும் சட்டத்தின் முன் அது விடுதலை, அதாவது பங்கை விட்டுக்கொடுத்ததாக, ஆகாது. அத்தைமாருக்கு இது கூடப்பிறந்தவர் வழி வந்த அப்பத்தாள் பங்கு என்பதால் இன்னும் குழப்பம். பாட்டன் சொத்தாக இருந்தால் கணக்கே வேறு: தமிழ்நாட்டில் 25.3.1989 முதல் கல்யாணமாகாத மகளுக்கும், 9.9.2005 முதல் எல்லா மகள்களுக்கும் மகனுக்குச் சமமான பங்கு, 20.12.2004க்கு முன்பே பதிவு செய்த பாகப்பிரிவினையோ கோர்ட் டிக்ரியோ இருந்தால் அந்தப் பாகம் அப்படியே நிற்கும். வாய்ப்பேச்சாகப் பிரித்துக்கொண்ட பாகம் எத்தனை என்று கொங்கு நாட்டுத் தோட்டங்களைக் கேட்டுப் பாருங்கள்!

தீர்வுக்கு வேண்டியவை: அப்பத்தாள் பெயரோடு அப்பாவுக்குப் புது விண்ணப்பம், அப்பத்தாளுக்குத் தனி வாரிசுச் சான்று, அத்தைமார் பதிவு செய்து தரும் விடுதலைப் பத்திரம். விடுதலையை யார் பெயருக்கு வாங்குவது என்பதில்தான் வெளிநாட்டுப் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். ஃபெமா (அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம்) விதிப்படி வெளிநாட்டில் வசிப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, தானமாகவும் பெற முடியாது. வாரிசாகவோ உயில் மூலமாகவோ மட்டும் வரலாம். பணம் வாங்காமல் அத்தை விட்டுக்கொடுப்பது தானம்தானே என்று நாளைக்கு யாராவது கேட்கலாம். ஆகவே ஊரிலேயே இருக்கும் அம்மா பெயருக்கு விடுதலை எழுதுவது நல்லது. அம்மாவிடமிருந்து பிற்பாடு உயிலில் வரட்டும்.

“அப்பா இருக்கும்போதே செட்டில்மென்ட் எழுதியிருக்கலாமே” என்று எல்லோரும் சொல்வார்கள். உயிரோடு இருக்கும்போதே சொத்தைத் தானமாக எழுதிக்கொடுப்பதுதான் அது. குடும்பத்துக்குள் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1 சதவீதம், உச்சம் 10,000. மலிவுதான். ஆனால் அதே ஃபெமா விதி குறுக்கே நிற்கிறது: டவுன் வீட்டை வெளிநாட்டு மகனுக்கு எழுதலாம், தோட்டத்தை எழுத முடியாது. தோட்டத்துக்கு உயில்தான் வழி. முத்திரைத் தீர்வை இல்லை, பதிவும் கட்டாயமில்லை, இருந்தாலும் பதிந்துவிடுங்கள். சாட்சி இரண்டு பேர். அறுபது தாண்டிய பங்காளிகளைப் பிடித்து வராதீர்கள். வழக்கு என்று வந்தால் ஒரு சாட்சியாவது கோர்ட்டில் ஏறிச் சொல்ல வேண்டும், அன்றைக்கு அவர் இருக்க வேண்டுமே! சொத்துப் பெறுபவர் சாட்சிக் கையெழுத்துப் போடவே கூடாது. எழுதுபவருக்கு வயது அதிகமென்றால் அன்றைய தேதியிலேயே டாக்டரிடம் ஒரு சான்று வாங்கி உயிலோடு வையுங்கள். அப்பத்தாளுக்குச் சாப்பாட்டுச் செலவுக்கு என்ன ஏற்பாடு என்பதையும் ஒரு வரி எழுதிவிட்டால், அவரை ஒதுக்கிவிட்டார்கள் என்ற பேச்சு வராது.

அப்பா கொடுத்த பவர் கையில் இருக்கிறதே என்று நம்பி வருபவர்களும் உண்டு. கொடுத்தவர் போன அன்றே பவரும் போயிற்று. வெளிநாட்டிலிருந்து நீங்கள் எழுதி அனுப்பும் பவர், இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளரிடம் முத்திரைத் தீர்வைக்குப் போக வேண்டும். பீரோவில் பூட்டி வைத்தால் வெறும் பேப்பர். நாமினியும் அப்படித்தான். சிங்கப்பூரில் சி.பி.எஃப். (மத்திய சேம நிதி) நாமினேஷனில் பெயர் போட்டவருக்கே பணம். இங்கே பேங்க் நாமினி பணத்தை வாங்கி வாரிசுகளுக்குக் கொடுக்க வேண்டிய ஆள் மட்டும்.

எந்தப் பத்திரம் எழுதினாலும் கிணற்றை மறக்காதீர்கள். மூன்று ஏக்கர் என்று மட்டும் எழுதினால் தண்ணீர் வராது. பொதுக் கிணற்றில் இத்தனையில் ஒரு பாகம், முறைத்தண்ணி எத்தனை நாளைக்கு ஒருமுறை, மோட்டார், சர்வீஸ் நம்பர், வண்டித்தடம் எந்த வேலி ஓரமாக எத்தனை அடி அகலம் என்று தனித்தனியாக வர வேண்டும். கரண்ட் சர்வீஸ் பல தோட்டங்களில் இன்னும் பாட்டன் பெயரில்தான் ஓடுகிறது. பட்டா மாறியதும் சான்றின் நகலோடு மின்வாரிய ஆபீசுக்கும் ஒரு நடை போய்விட்டு ஃப்ளைட் ஏறுங்கள்.