கரும்புச் சக்கை கிட்னி டிரே: வாந்திக்குச் சரி, ஸ்பிரிட்டுக்கு ஆகாது

வேலூர் சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும், சிறுநீரக வடிவ ஆஸ்பத்திரி டிரே இது. அம்முண்டி போன்ற சர்க்கரை ஆலைகளில் பாய்லரில் எரிக்கிற அதே சக்கைதான். கூழாக்கி, சூடான அச்சில் அழுத்தியிருக்கிறார்கள். கால் லிட்டர் தண்ணீர் ஊற்றி 2 மணி நேரம் வைத்தாலும் அடி இளகவில்லை. வாந்திக்கும், கட்டுப் பிரித்த பஞ்சுக்கும் தாராளம்.

ஸ்பிரிட் ஊற்றினால்தான் வம்பு. தண்ணீரை விலக்கும் பூச்சு அதைத் தடுக்காது, அடியில் கசிந்துவிடும். ஸ்டெரைலும் (கிருமி நீக்கியதும்) அல்ல. கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் கருவியில் 121 டிகிரி நீராவி பட்டால் ஓரம் நெளியும். புண்ணுக்குத் தையல் போடும் சாமானுக்கு எவர்சில்வர் டிரேதான்.

வாங்குமுன் விளிம்பைத் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் நார் உதிர்ந்து புண்ணில் ஒட்டும். ரத்தம் பட்ட டிரே மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பைக்குத்தான், மக்கும் என்று குழியில் போடக்கூடாது. டிரே கட்டுகளைத் தரையில் வைத்தால் ஐப்பசி ஈரத்தில் பூசணம் பிடிக்கும்.