சவுத்வெஸ்ட் பூல் க்யூ: மறுவிற்பனையில் விலை நிற்குமா?

கைவினைஞரிடம் சொல்லிச் செய்யும் பூல் க்யூக்களில் (பூல் ஆட்டத்தில் பந்தை அடிக்கும் கோல்களில்) பெரும்பாலானவை கைமாறும்போது விலை இறங்கிவிடுகின்றன. தன் பெயரைப் பொறித்து, தனக்குப் பிடித்த நிறங்களில் வேலைப்பாடு கேட்டு ஒருவர் செய்வித்த க்யூ அவருக்கு அருமையானதாக இருக்கலாம். அடுத்து வாங்க வருபவர் அந்த அலங்காரத்துக்குப் பணம் தரமாட்டார். இதற்கு விலக்கான மிகச் சில பெயர்களில் அமெரிக்காவின் லாஸ் வேகாஸில் உருவாகும் சவுத்வெஸ்ட் ஒன்று. வாங்கும் எண்ணத்தோடு பழைய சவுத்வெஸ்ட் ஒன்றை ஆடியும் ஆராய்ந்தும் பார்த்ததில் தெரிந்தவற்றை எழுதுகிறேன்.

ஜெர்ரி ஃபிராங்க்ளின் தொடங்கிய இப்பட்டறையை, 1996இல் அவர் மறைந்த பின் அவருடைய மனைவி லாரி ஃபிராங்க்ளின் அதே முறையில் நடத்தி வந்தார். புதிதாகப் பதிவு செய்பவர் பத்தாண்டுக்கும் மேல் காத்திருக்க வேண்டும் என்பதால், உடனே வேண்டுமென்பவர்கள் பழையதற்குப் பட்டறை விலையைவிடக் கூடுதலாகவே கொடுக்கிறார்கள். ஜெர்ரியின் காலத்தவை இனி கூடப்போவதில்லை; ஆகவே அவற்றுக்குச் சேகரிப்பாளர்களிடம் தனி மதிப்பு உண்டு.

நான் பார்த்த க்யூவில் கருங்காலியின் ஆறு பாயின்ட்டுகளும் (கூர்முனை வடிவில் பதித்த மரத்துண்டுகளும்) மேப்பிள் மரத்துக்குள் ஏறி, ஒரே உயரத்தில் ஊசிமுனையாக முடிந்தன. ஒவ்வொன்றின் ஓரத்திலும் வண்ண வெனீர் என்னும் மெல்லிய மரத்தகடு நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது. முனையில் இரு பக்க வெனீர்களும் சேருமிடத்தில் நகத்தை வைத்துத் தடவினாலும் இடைவெளி தட்டுப்படவில்லை. க்யூவின் இரு பகுதிகளையும் திருகி மாட்டும் ஜாயின்ட்டை ஒட்டிய சாயமேற்றிய மர வளையங்கள்தாம் சவுத்வெஸ்ட்டின் அடையாளம். தட்டையான முகம் கொண்ட ஜாயின்ட்டும் அங்குலத்துக்கு 11 மரை கொண்ட தடித்த திருகும் சேர்ந்து, பந்தைத் தொட்ட அதிர்வைச் சிதறாமல் கைக்குக் கொண்டுவருகின்றன. பக்கச் சுழல் கொடுக்கும்போது மேப்பிள் ஷாஃப்ட் (க்யூவின் முன்பகுதி) பந்தை இன்றைய கார்பன் ஷாஃப்ட்டைவிடச் சற்று அதிகமாக விலக்குகிறது. அதற்கேற்பக் குறியைத் திருத்திக்கொள்ளப் பழக வேண்டும். இந்தக் காரணத்தால் பலர் கார்பனுக்கு மாறி, அசல் ஷாஃப்ட்டுகளை எங்கோ போட்டுவிடுகிறார்கள். அடிப்பகுதியோடு வந்த அசல் ஷாஃப்ட்டுகள் இரண்டும் இல்லாத க்யூவுக்கு முழு விலை கொடுக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மெருகும் அப்படித்தான். சிறு கீறல்களோடு அசல் பூச்சு இருப்பதே நல்லது. யாரோ தேய்த்து மறுபூச்சு பூசியது பளபளப்பாக இருந்தாலும், மரம் எவ்வளவு கரைந்தது என்று சொல்ல முடியாது.

சேகரிப்பின் உச்சியில் இருப்பது க்யூ கைவினைஞர் ஜார்ஜ் பாலபுஷ்காவின் பெயர். 1959 முதல் 1975இல் இறக்கும்வரை அவர் செய்தவற்றைத் தேடாத சேகரிப்பாளர் இல்லை. ஆனால், பாயின்ட் வைத்த மரக்கட்டைகளைப் பிறரிடமிருந்தும் அவர் வாங்கிப் பயன்படுத்தியதால், அதே வகைக் கட்டையில் வேறொருவர் செய்த க்யூவை அவருடையதென்று விற்க வழி இருக்கிறது, போலிகளும் புழங்குகின்றன. துறை அறிந்த நிபுணரின் உறுதிச்சான்று இன்றி அந்தப் பக்கம் போக வேண்டாம். வளையங்களும் ஜாயின்ட்டும் தெளிவாக அடையாளம் காட்டும் சவுத்வெஸ்ட்டில் இந்தக் கவலை எனக்குக் குறைவு.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பவர்கள் க்யூ எந்தப் பொருட்களால் ஆனது என்பதையும் விசாரிக்க வேண்டும். பழைய க்யூக்களில் யானைத் தந்தம் சாதாரணம். 2016 முதல் அமெரிக்காவில் அதன் விற்பனை கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. பிரேசில் ரோஸ்வுட் மரம் 1992 முதல் சர்வதேச வணிகத் தடைப்பட்டியலில் இருக்கிறது. உரிய அனுமதி இல்லாமல் எல்லை தாண்டினால், சுங்கத்தில் க்யூ பறிமுதலாகலாம்.

என் முடிவு: ஆடுவதற்காக வாங்கி, பின்னாளில் போட்ட பணத்தை எடுக்க நினைப்பவருக்கு சவுத்வெஸ்ட் தகுந்த தேர்வு. வாங்குமுன் மேசையில் முதலில் மாட்டிய நிலையிலும், பிறகு அடிப்பகுதியையும் ஷாஃப்ட்டுகளையும் தனித்தனியாகவும் உருட்டி, வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு விற்பவர் தயங்கினால், விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தக் க்யூவை விட்டுவிடுங்கள்.