கேட்வேயா, தனிப் படிவமா? பாரிஸ்டர் பயிற்சிக்கு விண்ணப்பிப்போரின் டிசம்பர்க் குழப்பம்

இங்கிலாந்தில் பாரிஸ்டர் படிப்பை முடித்தவுடன் நீதிமன்றத்தில் எழுந்து நின்றுவிட முடியாது. பியூப்பிலேஜ் எனப்படும் 12 மாதப் பயிற்சியைக் கடக்க வேண்டும். முதல் ஆறு மாதம் மூத்தவர் கூடவே இருந்து கற்பது. அடுத்த ஆறு மாதம் சொந்தமாக வழக்கெடுப்பது. படிப்பு முடிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இதைத் தொடங்கியாக வேண்டும் என்பதால், விண்ணப்பம் தொடங்கும் ஜனவரி நெருங்கும்போது பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது.

விண்ணப்பிக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பாரிஸ்டர்களின் பிரதிநிதி அமைப்பான பார் கவுன்சில் நடத்தும் பியூப்பிலேஜ் கேட்வே என்ற பொதுத்தளம். மற்றொன்று, சில சேம்பர்ஸ் (பாரிஸ்டர்கள் சேர்ந்து நடத்தும் அலுவலகங்கள்) தாமே வைத்திருக்கும் படிவம் அல்லது அவர்கள் கேட்கும் கடிதம். முன்பு தனி வழிக்காரர்கள் ஆளுக்கொரு மாதத்தில் ஆள் எடுத்தார்கள். 2020 நவம்பரிலிருந்து அவர்களும் கேட்வேயின் கால அட்டவணைப்படி நடக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஜனவரியில் எல்லாக் கதவும் ஒன்றாகத் திறக்கும், சில வாரங்களில் மூடும், மே மாதத்தில் முடிவு வரும். ஆகவே இப்போது இரண்டு வழிகளும் அதே சில வாரங்களுக்காகப் போட்டியிடுகின்றன.

கேட்வேயின் வசதி வெளிப்படை. கல்வி, வேலை, மினி பியூப்பிலேஜ் (சேம்பர்ஸில் சில நாள் கூடவே இருந்து பார்ப்பது), மாதிரி வழக்குப் போட்டி ஆகியவற்றை ஒருமுறை நிரப்பினால் எல்லாருக்கும் போய்ச்சேரும். அதிகபட்சம் 20 இடங்களுக்கு அனுப்பலாம். வம்பு அந்த எண்ணில்தான். இலை நிறையப் பரிமாறினால் எல்லாவற்றையும் தின்றே தீர வேண்டும் என்று நினைக்கும் விருந்தாளி போல, முதல் ஆண்டு நான் இருபதையும் அனுப்பினேன். “எங்கள் சேம்பர்ஸை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?” என்ற கேள்விக்கு எட்டாவது படிவத்துக்குமேல் என்னிடம் பதில் இல்லை, “உங்கள் சிறந்த நற்பெயர்” என்று எழுதினேன். அதை லண்டனில் எந்த வாசலிலும் போட்டிருக்கலாம். ஒரே ஓர் இடத்திலிருந்து அழைப்பு வந்தது. அங்கும் அதே கேள்வியைக் கேட்டார்கள்.

தனிப் படிவம் நேரத்தை விழுங்கும். ஒன்றை ஒழுங்காக எழுத எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. உச்சவரம்பு இல்லை என்றாலும் நான்கைந்துக்குமேல் மனிதரால் ஆகாது. ஆனால் ஒரு பக்கக் கடிதத்தில் ஒளிந்துகொள்ள இடமில்லை. தொழிலாளர் வழக்குகள் நடத்தும் சேம்பர்ஸுக்கு எழுதும்போது, “வாதத்திறமையில் ஆர்வமுண்டு” என்று சொல்லிவிட்டு நகர முடியவில்லை. கட்டணமின்றி வாதாடித் தரும் ஃப்ரீ ரெப்ரசென்டேஷன் யூனிட் என்ற தொண்டு நிறுவனத்தின் தன்னார்வலராகத் தீர்ப்பாயத்துக்குப் போனதையும், விசாரணையன்று காலையில் எதிர்த்தரப்பு புதிய ஆவணங்களை நீட்டியதையும், வாய்தா கேட்பதா தொடர்வதா என்று கட்சிக்காரரோடு பேசி முடிவெடுத்ததையும் எழுத வேண்டிவந்தது. படிப்பவருக்கு என்னைத் தெரிந்தது அந்தப் பத்தியில்தான்.

உதவித்தொகையைப் பொறுத்தவரை வழி எதுவானாலும் வேறுபாடில்லை. பாரிஸ்டர்களுக்கான ஒழுங்குமுறை வாரியம் குறைந்தபட்சத் தொகையை ஆண்டுதோறும் நிர்ணயிக்கிறது. லண்டனுக்கு ஒன்று, வெளியூருக்குச் சற்றுக் குறைவாக மற்றொன்று. வணிக வழக்குக்காரர்கள் அதைப்போல் பல மடங்கு தருவார்கள்.

எதை முதலில் எழுதுவது? தனிப் படிவத்தை, அதுவும் டிசம்பரிலேயே. ஒரு பக்கத்தில் நன்றாகச் சொன்னதை 150 சொற்களுக்குச் சுருக்கிக் கேட்வேயில் இடலாம். 150 சொல் பதிலை இழுத்து ஒரு பக்கமாக்கினால் தண்ணீர் கலந்த மோர்தான் கிடைக்கும். மறு ஆண்டு நான்கு தனிப் படிவங்கள், கேட்வேயில் பதினொன்று என்று நிறுத்திக்கொண்டேன். மீதி ஒன்பது இடங்களைக் காலியாக விட மனம் கேட்கவில்லை. தளத்தைத் திறந்து திறந்து பார்த்தேன், ஆனால் நிரப்பவில்லை. பரிந்துரை தருபவர்களுக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்கு முன்பே சொல்லிவைத்துவிடுங்கள். பேராசிரியர்கள் ஜனவரியில் தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருப்பார்கள்.