இரண்டாவது லென்ஸ்: 50 மி.மீ. பிரைமா, 55-250 ஜூமா?

கேனான் டிஎஸ்எல்ஆர் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ் போதாமல் போனதும் எல்லோரும் இந்த இரண்டில்தான் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்: குவியத்தூரம் மாறாத 50 மி.மீ. பிரைம், 55 முதல் 250 மி.மீ. வரை மாற்றக்கூடிய ஜூம்.

விலை: 50 எஃப் 1.8 எஸ்டிஎம் (எஸ்டிஎம் என்பது ஃபோகஸ் மோட்டாரின் வகை) மலிவு. 55-250 எஸ்டிஎம் புதிதாக வாங்கினால் கூடுதல்தான், பழையது தேடலாம்.

எடை: பிரைம் 160 கிராம், ஜூம் 375.

வெளிச்சம்: இங்கேதான் பெரிய வித்தியாசம். கல்யாண மண்டபத்திலோ வீட்டு டியூப்லைட்டிலோ பிரைமின் எஃப் 1.8 துளை (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது), ஜூமின் எஃப் 4ஐவிட ஏறக்குறைய 5 மடங்கு ஒளியை உள்ளே விடும், ஷட்டர் வேகத்தைக் கூட்டலாம், ஓடுகிற குழந்தையும் படத்தில் கலங்காமல் பதிவாகும். ஜூமில் ஐஎஸ் (நடுக்கக் குறைப்பு) இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், குழந்தையை அல்ல.

தூரம்: பிரைமில் ஜூம் கிடையாது, நாம்தான் நடக்க வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் அது 80 மி.மீ. போலத் தெரியும், சின்ன அறையில் குடும்பமே ஃப்ரேமுக்குள் அடங்காது. வேடந்தாங்கலில் பறவை எடுக்கவோ பள்ளி விளையாட்டு விழாவுக்கோ 250 இல்லாமல் ஆகாது.

உறுதி: பிரைமின் மவுண்ட் (கேமராவில் பொருத்தும் வளையம்) உலோகம், ஜூமினுடையது பிளாஸ்டிக். பார்த்துக் கையாண்டால் சரி.

வீட்டு விசேஷம், முகப்படம் என்றால் 50. மைதானம், பறவை என்றால் 55-250. இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் என்றால் முதலில் 50தான் என்பேன்.