பருந்து, கழுகு படம் எடுக்க எது: சூப்பர் ஜூமா, 150-600 லென்ஸா, சின்ன 400-ஆ, வெறும் பைனாகுலரா?

கழுகு, பருந்து, வல்லூறு எல்லாம் படம் எடுக்க எதை வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது, படம் எதற்கு என்பதைத்தான். வீட்டில் மாட்டி வைக்கவா, பறந்து போனது எந்தப் பறவை என்று தெரிந்துகொள்ளவா? இந்தப் பதிவு இரண்டாவது கூட்டத்துக்கு. நம் ஆட்களில் பெரும்பாலோர் ஜூம் எத்தனை என்ற எண்ணைப் பார்த்துத்தான் காசைப் போடுகிறார்கள். கொன்றுண்ணிப் பறவைகளை அடையாளம் காண்பதில் அந்த எண் கடைசியாகப் பார்க்க வேண்டிய ஒன்று.

ஏன் என்றால், இந்தப் பறவைகளில் நிறம் நம்மை ஏமாற்றும். தேன் பருந்தையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய வெள்ளையிலிருந்து கிட்டத்தட்ட கறுப்பு வரை எந்த நிறத்திலும் இருக்கும், மரத்தில் உட்கார்ந்திருந்தால் ஹாக் ஈகிள் என்று நாம் சொல்லும் குடுமிக் கழுகோ என்று அனுபவசாலிகளே தயங்குவார்கள். அதுவே மேலே வட்டமடித்தால் புறாவுக்கு இருப்பது போன்ற சின்னத் தலை, நீண்டு தெரியும் கழுத்து, இறக்கை நுனியில் விரல் போல் விரியும் ஆறு சிறகுகள், வாலில் பட்டைகள் என்று எல்லாம் சேர்ந்து பெயரைச் சொல்லிவிடும். பூனைப்பருந்துகளிலும் (ஹாரியர்) அப்படித்தான்: வெளிர் பூனைப்பருந்துக்கும் மோண்டேகு பூனைப்பருந்துக்கும் நான்கு விரல், வடக்கே வரும் ஹென் ஹாரியருக்கு ஐந்து. கறுத்த பூட்டட் ஈகிளைக் கரும்பருந்து என்று நினைத்து விட்டுவிடுவது சர்வசாதாரணம், ஆனால் எதிரே வரும்போது இறக்கை உடம்போடு சேரும் இடத்தின் முன்பக்கம் இரண்டு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். கரும்பருந்தின் பிளவு வால்கூட அது வாலை விசிறி போல் விரிக்கும்போது காணாமல் போய்விடும், அந்த ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் இளம் கருடனா என்று குழப்பம்தான். ஆக, நமக்குத் தேவை ஒரு அழகான படம் இல்லை. பறக்கும்போது, இறக்கையின் அடிப்பக்கம் தெரிய, தொடர்ந்து எடுத்த பத்துப் பதினைந்து சுமாரான படங்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு சூப்பர் ஜூமை, அதாவது லென்ஸைக் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமராவைப் பாருங்கள். நிக்கான் பி900 (2015), அதற்குப் பின் 2020-இல் வந்த பி950, இரண்டுமே 2000 மிமீக்குச் சமமான எட்டம் கொண்டவை (இந்த மிமீ எண் கூடக் கூடப் பறவை பெரிதாகத் தெரியும்). எடை ஒரு கிலோ சுமார், லென்ஸ் மாற்றும் வேலை இல்லை, தோளில் மாட்டிக்கொண்டு பைக்கில் போகலாம். ஆனால் 2000 மிமீயில் கேமரா பார்க்கும் வானத்தின் அகலம் முழு நிலா இரண்டு அளவுதான். அந்தச் சின்னச் சன்னலுக்குள் பறக்கும் வல்லூறைக் கொண்டுவந்து நிறுத்துவதற்குள் அது அடுத்த தோப்புக்குப் போயிருக்கும். ஜூமைக் குறைத்துத் தேடிப் பிடித்தாலும் ஃபோக்கஸ் மெதுவாக நகரும், வெற்று வானத்தில் முன்னும் பின்னும் அலையும், தொடர்ச்சியாக அடித்தால் சில படங்களிலேயே மூச்சு வாங்கி நிற்கும். அப்புறம் வெயில். கழுகுகள் மேலே கிளம்புவதே தரை சூடாகி வெப்பக்காற்று எழும்பும் ஒன்பது, பத்து மணிக்குப் பிறகுதான். அதே சூடு காற்றை அலைய வைக்கும், அந்த அலைச்சலை எவ்வளவு பெரிதாக்குகிறீர்களோ அவ்வளவு மங்கல். நண்பகலில் ஒரு கிலோமீட்டர் தள்ளி எடுத்த 2000 மிமீ படத்தில் இறகு விவரம் எதுவும் இருக்காது.

அதற்காக அதை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு அதுதான் ராஜா. ஆளிப் பருந்தையும் (டானி ஈகிள்) ஸ்டெப்பி கழுகையும் பிரிக்க அலகிலிருந்து பின்னால் ஓடும் மஞ்சள் வாய்க்கோட்டைப் பார்க்க வேண்டும், ஆளிப் பருந்துக்குக் கண்ணின் நடுப்பகுதியோடு நின்றுவிடும், ஸ்டெப்பிக்குக் கண்ணின் பின்விளிம்பு வரை போகும். காலை ஏழு மணிக்குத் தூரத்து மின்கோபுரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையின் வாய்க்கோட்டை இந்த விலைக்கு வேறு எந்தக் கருவியும் காட்டாது. வாங்குவதானால் பி950 வாங்குங்கள், பி900-இல் ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே தரும் படக் கோப்பு, கிடையாது. வானத்துக்கு எதிரே இருட்டாக விழுந்த அடிப்பக்கத்தைப் பின்னால் வெளிச்சமாக்கிப் பார்க்க ரா ரொம்ப முக்கியம்.

இப்போது பெரிய லென்ஸ். டாம்ரான், சிக்மா 150-600, நிக்கான் 200-500, சோனி 200-600 எல்லாமே ஏறத்தாழ இரண்டு கிலோ, கேமரா பாடியோடு மூன்று கிலோவை நெருங்கும். படத்தின் தரத்தில் சூப்பர் ஜூம் பக்கத்தில்கூட வராது, பறவைக் கண்ணைத் தானே கண்டுபிடிக்கும் புதிய மிர்ரர்லெஸ் பாடியோடு சேர்த்தால் பறக்கும் படம் பாதி வேலை ஆகிவிடும். சிக்கல் எல்லாம் கையில்தான். கழுகு பார்ப்பது என்பது மணிக்கணக்கில் வானத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பது, தலைக்கு மேல் திடீரென்று ஒன்று வந்தால் மூன்று கிலோவை நெட்டுக்குத்தாகத் தூக்க வேண்டும், டிரைபாடில் மாட்டியிருந்தால் அந்தக் கோணத்துக்குத் திருப்புவதற்குள் பறவை போய்விடும். காரை ஓரம்கட்டி, கதவில் பீன் பேக் (லென்ஸைத் தாங்கும் சின்ன மூட்டை) போட்டு எடுப்பவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. சென்னைப் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் மாதிரி சாலையோரமாகவே சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறக்கும் இடத்திலும் சரி. பொட்டல் காட்டில் நடப்பவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

என் தேர்வு பலரும் கண்டுகொள்ளாத மூன்றாவது வழி: இலகுவான 400 மிமீ லென்ஸ். கேனனின் பழைய 400 மிமீ எஃப்5.6 வெறும் 1.25 கிலோ, 1993-இல் வந்தது, நடுக்கம் குறைக்கும் வசதி கிடையாது, இருந்தும் பறக்கும் பறவைக்கு இன்றைக்கும் பலர் விடாமல் வைத்திருக்கிறார்கள், ஏனென்றால் ஷட்டர் 1/2000-இல் ஓடும்போது அந்த வசதி இல்லாத குறை தெரியாது. புதிதாக வாங்குபவர்களுக்குக் கேனனின் மிர்ரர்லெஸ் கேமராக்களுக்கான ஆர்எஃப் 100-400 இருக்கிறது, 635 கிராம்தான், வெளிச்சம் குறைந்தால் திணறும், ஆனால் கழுகு பறப்பது நல்ல வெயிலில்தானே. பறவை படத்தில் சின்னதாகத்தான் விழும். பரவாயில்லை, விரல்களை எண்ணவும் வால் பட்டையைப் பார்க்கவும் அது போதும். பறவையைப் பார்த்த இரண்டாவது நொடியில் முதல் படம் விழுந்திருக்கும், அதுதான் விஷயம்.

பைனாகுலர் மட்டும் போதும் என்பவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு பறவையைப் பத்து நிமிடம் பார்த்தால் அது இறக்கையைத் தட்டையாகப் பிடிக்கிறதா வி போல் தூக்கிப் பிடிக்கிறதா, ஒரே இடத்தில் சிறகடித்து நிற்கிறதா என்பதெல்லாம் புரியும், படம் அதைக் காட்டாது. ஆனால் பெண் பூனைப்பருந்துகளையும் புள்ளிக் கழுகுகளையும் நினைவை நம்பி முடிவு செய்ய முடியாது. படம் வேண்டும்.

எந்தக் கருவியானாலும் ஒன்று: வானத்துக்கு எதிரே எடுக்கும்போது எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒன்று, ஒன்றரை ஸ்டாப் கூட்டி வையுங்கள், இல்லையென்றால் எல்லாமே கரும்பருந்துதான். தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கு மேலே தாழப் பறக்கும் பறவையின் அடிப்பக்கத்தில் மண்ணின் சிவப்பு ஏறும், அதை இறகு நிறம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் இந்த ஒப்பீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டேன், கூட்டுக்குப் பக்கத்தில் போய் எடுப்பது. நீலகிரி மாவட்டத்து மோயாறு பக்கம் நீர்மருது மரத்தில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு (பிணந்தின்னிக் கழுகு) ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசியால், செத்த மாட்டைத் தின்ற அந்த இனமே அழிவின் விளிம்புக்குப் போய், 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்த பிறகும் இன்னும் எழுந்திருக்க முடியாமல் கிடக்கிறது. நீங்கள் நெருங்கிப் போய்த் தாய் எழுந்து பறந்துவிட்டால் வெயிலில் கிடப்பது அந்த ஒற்றை முட்டை. எந்தப் படத்துக்கும் அவ்வளவு விலை கொடுக்கக் கூடாது. கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் போடவும் வேண்டாம்.

கடைசியாக, படத்தை வைத்துப் பெயர் கேட்பது. மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் உட்கார்ந்திருக்கும் பறவைக்குப் பரவாயில்லை, பறக்கும் கழுகுக்கு அவை சொல்லும் பெயரை ஆரம்பமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர்களிடம் கேட்பதானால் அழகான ஒன்றைப் பொறுக்கி, கூர்மையேற்றி, நிறம் மாற்றி அனுப்பாதீர்கள். திருத்தாத படங்கள் நான்கைந்து, மேல் இறக்கை தெரிவது ஒன்று, கீழ் இறக்கை தெரிவது ஒன்று, வால் விரிந்தது ஒன்று, கூடவே தேதி, மாவட்டம், நேரம். மங்கலாக இருந்தாலும் அனுப்புங்கள்.